விமானிகளின் மின்னணு லாக் புக்: டி.ஜி.சி.ஏ. எதை ஏற்கிறது, எதை ஏற்காது?

பல்லாவரம்_பறவை

அனைவருக்கும் வணக்கம். சி.பி.எல். என்னும் வணிக விமானி உரிமத்துக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவி நான். வீடு பல்லாவரம், பயிற்சி வேறு மாநிலத்தில். முதல் பறப்பிலிருந்தே எல்லாவற்றையும் கைபேசிச் செயலி ஒன்றில் பதிந்து வருகிறேன். தேதி, விமானத்தின் பதிவெண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், பயிற்றுநரோடு பறந்தது, தனியாகப் பறந்தது, இரவில் பறந்தது, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது என்று எல்லாம் தனித்தனிப் பத்தியில் இருக்கின்றன. கூட்டல் தானாக நடந்துவிடுகிறது. ஒவ்வொரு பறப்பு முடிந்ததும் பயிற்றுநர் திரையிலேயே விரலால் கையெழுத்தும் போட்டுத் தருகிறார்.

பள்ளியிலோ, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.யின் ஈ.ஜி.சி.ஏ. இணையதளத்திலும் பதிய வேண்டும் என்கிறார்கள். போதாக்குறைக்குக் காகித லாக் புக்கிலும் (விமானியின் பறப்புப் பதிவேடு) மையால் எழுதச் சொல்கிறார்கள். ஒரே பறப்பை மூன்று இடத்தில் எழுதினால் மூன்றில் ஒன்று பிசகாமல் இருக்குமா? செயலியிலிருந்து அச்செடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி வைத்தால் போதாதா? அமெரிக்காவில் செயலியை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திரிசூலம்_டிஸ்பாட்ச்

போதாது. செயலி நீங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஈ.ஜி.சி.ஏ. அரசு வைத்துக்கொள்ளும் கணக்கு. நம் நோட்டில் எத்தனை ரூபாய் என்று எழுதி வைத்தாலும், பாஸ்புக்கில் வங்கி பதிந்ததுதான் செல்லும் அல்லவா? அந்த வேறுபாடுதான் இங்கேயும். விரிவாக மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பணி முடிந்து வருகிறேன்.

கேப்டன்_நங்கநல்லூர்

அம்மா, காகிதத்தை விட்டுவிடாதீர்கள். 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 67ஏ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விமானியும் தன் பெயரில் லாக் புக் வைத்திருக்க வேண்டும், பதிவுகள் மையால் எழுதப்பட வேண்டும், கடைசிப் பதிவிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் பழைய சட்டத்தின் கீழ் போட்ட விதிகள் அதோடு சேர்ந்து செத்துப்போய்விடவில்லை.

நான் விமானப்படையில் தொடங்கியவன். இரவுப் பறப்பைச் சிவப்பு மையில்தான் எழுதுவோம். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்ததும் தெரிய வேண்டும், அடிக்கப்பட்டதும் தெரிய வேண்டும். வெள்ளை மை தடவிய பக்கத்தை எந்த அதிகாரியும் நம்பமாட்டார். உங்கள் செயலியில் 1.2 என்பதை 2.1 என்று மாற்றினால், மாற்றியதற்கு என்ன அடையாளம் இருக்கிறது? நேற்று எழுதியதா, விண்ணப்பத்துக்கு முந்தைய இரவு உட்கார்ந்து எழுதியதா என்று யாருக்குத் தெரியும்?

2011இல் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதை உங்கள் தலைமுறை அறிந்திருக்க வேண்டும். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். அதைத் தொடர்ந்து, பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த விவகாரம் ராஜஸ்தானில் வெளிவந்தது. உரிமங்களையும் பயிற்சிப் பள்ளிகளையும் டி.ஜி.சி.ஏ. சல்லடை போட்டுச் சலித்தது. ஒழுங்காகப் பறந்து உரிமம் வாங்கியவர்களும் அப்போது தலைகுனிந்து நின்றோம். பின்னால் 180 பேரை உட்கார வைத்துக்கொண்டு பறக்கப் போகிறவரின் மணி நேரம் பொய்யாக இருக்கலாமா?

எழும்பூர்_வழக்கறிஞர்

கேப்டன் ஐயாவின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் காட்டிய எடுத்துக்காட்டு அவர் வாதத்துக்கே எதிராக நிற்கிறது. 2011இல் பிடிபட்ட பொய் மணி நேரங்கள் எல்லாம் காகிதத்தில் எழுதப்பட்டவைதாம். கையெழுத்தும் முத்திரையும் இருந்தவைதாம். எழுதுகிறவரும் ஒப்பமிடுகிறவரும் சேர்ந்துகொண்டால் பேனா என்ன செய்யும்? அப்படிப்பட்ட பொய்யைப் பிடிக்க ஒரே வழி, அந்த இருவர் கையிலும் இல்லாத இன்னோர் ஆவணத்தோடு ஒப்பிடுவது. விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடான டெக் லாக், எரிபொருள் நிரப்பிய பதிவு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குறிப்பு ஆகியவற்றில் அந்த விமானம் அந்த நேரத்தில் கொட்டகையில் நின்றிருந்தால் லாக் புக் பொய் சொல்கிறது என்று பொருள். அந்த ஒப்பீட்டைக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே செய்வது கடினம், தரவுத்தளத்தில் செய்வது எளிது. ஒழுங்குமுறை ஆணையங்கள் மின்பதிவேட்டை நோக்கிப் போவதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கருத்து.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 4: எழுத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொன்னாலும், பின்னர் எடுத்துப் பார்க்கக்கூடிய மின்னணுப் பதிவு இருந்தால் அது நிறைவேறியதாகக் கொள்ளலாம். பிரிவு 5 கையெழுத்துக்கு அதே தகுதியைத் தருகிறது. பிரிவு 7 பத்திரப்படுத்துவதைப் பற்றியது: தொடங்கிய வடிவத்திலோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ இருக்க வேண்டும், எங்கிருந்து, எப்போது வந்தது என்ற விவரமும் இருக்க வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் தங்கை கேட்டதற்கு "போதும்" என்றே பதில் சொல்லிவிடலாம். பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பிரிவு 9 இருக்கிறதே! 6, 7, 8ஆம் பிரிவுகளைக் காட்டி, "என் ஆவணத்தை மின்னணு வடிவில் ஏற்றுக்கொள்" என்று எந்த அமைச்சகத்தையும் துறையையும் யாரும் வற்புறுத்த முடியாது என்று அது சொல்கிறது. ஆகவே செல்லுபடியாவது வேறு, ஏற்கப்படுவது வேறு. மின்னணுப் பதிவு சட்டப்படி செல்லும். எந்த வாசல் வழியாக அதை வாங்கிக்கொள்வது என்பதைத் துறைதான் முடிவு செய்யும். டி.ஜி.சி.ஏ. திறந்து வைத்திருக்கும் வாசல் ஈ.ஜி.சி.ஏ. உங்கள் செயலிக்கு அந்த வாசல் இல்லை.

இன்னொன்று. திரையில் விரலால் இழுத்த கையெழுத்து இந்தியச் சட்டத்தின் மின்னொப்பம் ஆகாது. உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனம் தரும் டிஜிட்டல் கையொப்பம், ஆதார் வழி இ-சைன் போன்று சட்டத்தின் அட்டவணையில் சொன்ன முறைகளுக்குத்தான் பிரிவு 5 பொருந்தும். உங்கள் பயிற்றுநரின் விரல் கிறுக்கல் ஒரு படம், அவ்வளவுதான்.

ஃப்ளோரிடாவில்_பயின்றவன்

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். அங்கே 61.51 என்ற விதி, அந்நாட்டு விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் நிர்வாகிக்கு ஏற்புடைய முறையில் பதிவு இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. காகிதம் என்றும் இல்லை, மை என்றும் இல்லை. மின்னணுக் கையெழுத்துக்கும் பதிவேட்டுக்கும் என்னென்ன பண்புகள் வேண்டும் என்பதை 120-78 என்ற ஆலோசனைச் சுற்றறிக்கையில் 2002இலேயே எழுதினார்கள், 2016இல் திருத்தினார்கள். கையெழுத்து ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும், போட்டவர் பின்னால் மறுக்க முடியாதபடி இருக்க வேண்டும், எந்தப் பதிவுக்குப் போட்டது என்பது தெளிவாக இருக்க வேண்டும், போட்ட பிறகு பதிவை மாற்றினால் கையெழுத்து செல்லாமல் போக வேண்டும். இவை இருந்தால் கையெழுத்தின் படத்தைக்கூட ஏற்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் எஃப்.சி.எல். 050 என்ற விதி நம்பகமான பதிவு வேண்டும் என்கிறது. வடிவத்தை அந்தந்த நாட்டின் ஆணையம் சொல்லும். கேட்டால் தாமதமின்றிக் காட்ட வேண்டும் என்பது இரண்டு இடத்திலும் உண்டு. அமெரிக்காவில் பயிற்சி விமானி தனியாகத் தொலைதூரம் பறக்கும்போது லாக் புக்கைக் கையோடு எடுத்துப் போயாக வேண்டும். அதனால் என் பயிற்றுநர் கைக்கணினியின் மின்னேற்றத்தைப் பார்க்காமல் என்னைத் தனியாக அனுப்பியதே இல்லை.

ஆனால் ஊர் திரும்பி உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றும்போது செயலியைத் திறந்து காட்டியது எதற்கும் உதவவில்லை. பள்ளி சான்றொப்பமிட்ட பக்கங்களைத்தான் கேட்டார்கள். வெளிநாட்டில் படிப்பவர்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, பள்ளியின் தலைப்புத்தாளில் மொத்த மணி நேரச் சான்றும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். விமானம் ஏறிய பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது பெரும் பாடு.

முடிச்சூர்_முதல்_அதிகாரி

காகிதமே பாதுகாப்பு என்று கேப்டன் சொல்வதைப் பணிவோடு மறுக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் தரைத்தளம் முழுவதும் தண்ணீர். என் பயிற்சிக்கால லாக் புக் கீழ் அலமாரியில் இருந்தது. வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் அட்டை உப்பிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஈரத்தோடு பிரித்தால் கிழியும் என்று மின்விசிறிக்குக் கீழே நிற்க வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தோம். பந்துமுனைப் பேனாவால் எழுதிய வரிகள் மங்கலாகவாவது நின்றன. மைப் பேனாவால் போட்ட பயிற்றுநர் கையெழுத்துகள் எல்லாம் நீலக் கறையாகக் கரைந்து பக்கத்துப் பத்திக்குள் ஓடியிருந்தன. எந்த நேரத்தில் பறந்தேன் என்பது தெரிகிறது. யார் சான்று சொன்னார் என்பது அழிந்துவிட்டது. லாக் புக்கில் உயிரே அந்தக் கையெழுத்துதானே!

அதன்பின் காவல் நிலையத்தில் புகார், நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், பயிற்சிப் பள்ளிக்கு நடை. பள்ளி வைத்திருந்த பறப்பு அனுமதிப் பதிவேட்டிலிருந்து வரிக்கு வரி எடுத்து எழுதி, புதிய புத்தகத்தில் மறுபடியும் கையெழுத்து வாங்கினேன். பள்ளி நல்லபடியாகப் பதிவேடுகளைக் காத்து வைத்திருந்ததால் ஆயிற்று. 2023 மிக்ஜாம் புயலில் விமான நிலைய ஓடுபாதையிலேயே தண்ணீர் நின்றது. நம் ஊரில் வாழ்கிறவர்கள் ஒரே ஒரு காகிதப் பிரதியை நம்பியிருப்பது ஆபத்து.

கேப்டன்_நங்கநல்லூர்

தம்பி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. வழக்கறிஞர் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன்: பொய்யைக் காகிதம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. காகித லாக் புக் விமானியின் கையில் இருக்கிறது. அரசின் தளம் அரசின் கையில் இருக்கிறது. நாளை என் மணி நேரம் அந்தத் தளத்தில் குறைவாகக் காட்டினால் நான் எதைக் கொண்டு வாதாடுவேன்? கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1500 மணி நேரம், அதில் இரவு 100 மணி நேரம் வேண்டும். சில மணி நேரக் குறைவால் ஒருவருடைய கேப்டன் பதவி உயர்வு மாதக்கணக்கில் தள்ளிப்போகும். பறந்தவர் கையில் பறந்ததற்கான சான்று இருந்தே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எழும்பூர்_வழக்கறிஞர்

விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை ஐயா. அதில் உங்கள் பக்கம்தான் நானும். விமானி தன் பிரதியை எப்போதும் வைத்திருக்க வேண்டும். தளத்தில் பிழை இருந்தால் இத்தனை நாளுக்குள் திருத்தித் தர வேண்டும் என்ற கெடு விமானிகளுக்கு உரிமையாக எழுதித் தரப்பட வேண்டும். உரிமமே இப்போது மின்னணு ஆகிவிட்டது. 2025 பிப்ரவரியில் டி.ஜி.சி.ஏ. மின்னணு உரிமத்தை வெளியிட்டது. சீனாவுக்கு அடுத்து இந்தியாதான். உரிமத்தைத் திரையில் காட்டலாம் என்னும்போது அதற்கு அடிப்படையான மணி நேரமும் திரைக்குள் போவதை நாம் தடுக்க முடியாது. போகிற வழியில் விமானிக்குப் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.

திரிசூலம்_டிஸ்பாட்ச்

பணி முடிந்து வந்தேன். விமான நிறுவனங்களில் இந்தத் தரவு எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். கேப்டன் கேட்ட "எதைக் கொண்டு வாதாடுவேன்" என்பதற்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது.

பெரிய ஜெட் விமானங்கள் ஒவ்வொரு பறப்பிலும் நான்கு நேரங்களைத் தாமாகவே தரைக்கு அனுப்புகின்றன: நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது, சக்கரம் தரையை விட்டு எழுந்தது, மீண்டும் தரையைத் தொட்டது, நிறுத்துமிடத்தில் நின்றது. முதலுக்கும் கடைசிக்கும் இடைப்பட்டதுதான் லாக் புக்கில் ஏறும் பறப்பு நேரம். இந்த நேரம் விமானியின் பணிநேரக் கணக்குக்கும் போகிறது. 365 நாளில் 1000 மணி நேரம் என்ற வரம்பைக் காப்பதும் இதை வைத்துத்தான். ஒரே எண் பல இடங்களில் இருப்பதால் ஓர் இடத்தில் மாறினால் மற்றவை காட்டிக்கொடுக்கும்.

குழப்பம் வருவது தேதியில். டெக் லாக் முழுவதும் உலகப் பொது நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) இருக்கும். சென்னையிலிருந்து 12ஆம் தேதி அதிகாலை 4.00 மணிக்குக் கிளம்பினால் அது 11ஆம் தேதி 22.30. செயலியை இந்திய நேரத்தில் வைத்திருப்பவர் 12 என்று பதிகிறார், நிறுவனத் தரவு 11 என்று வருகிறது. சரிபார்ப்பவர் கண்ணுக்கு ஒரு பறப்பு காணாமலும், இன்னொன்று கூடுதலாகவும் தெரியும். முதல் நாளே செயலியின் அமைப்பில் பொது நேரத்தைத் தேர்ந்துவிடுங்கள்.

பல்லாவரம்_பறவை

எல்லாருக்கும் நன்றி. தேதி எங்கள் பள்ளியில் சிக்கலாகவில்லை. விடிவதற்கு முன் நாங்கள் பறப்பதில்லை. ஆனால் மொத்தக் கூட்டல் இடிக்கிறது. செயலி சொல்லும் மொத்தமும் பள்ளிப் பதிவேட்டின் மொத்தமும் ஒன்றாக வரவில்லை. ஒவ்வொரு பறப்பையும் தனியாகப் பார்த்தால் வேறுபாடு ஏதும் பெரிதாகத் தெரியவில்லை. எதனால் இருக்கும்?

பயிற்றுநர்_தாம்பரம்

தசமத்தால் இருக்கும். செயலியில் மணி நேரத்தை ஒரு தசம இடத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 1 மணி 10 நிமிடம் என்பது 1.1666. அதை 1.2 ஆக்கினால் 1 மணி 12 நிமிடம். இரண்டு நிமிடம் கூடிவிட்டது. 1 மணி 20 நிமிடம் 1.3 ஆகும்போது இரண்டு நிமிடம் குறைந்துவிடும். கூடுதலும் குறைவும் சரிசமமாக அடிபட்டுப் போகும் என்று நம்பக் கூடாது. பயிற்சிப் பறப்புகள் பெரும்பாலும் ஒரே அளவு நேரம் இருப்பதால் பிழையும் ஒரே பக்கமாகச் சேரும். மணி, நிமிடமாக மாற்றி மறுபடியும் ஏற்றுங்கள்.

அப்படியும் இடித்தால், எந்த நேரத்தை எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். இயந்திரம் ஓடும் நேரத்தை எண்ணும் ஹாப்ஸ் மீட்டர் காட்டுவது ஒன்று, ஓடுபாதையை விட்டு எழுந்தது முதல் இறங்கியது வரை ஒன்று, பறக்கும் நோக்கத்தோடு விமானம் தானாக நகரத் தொடங்கியது முதல் நின்றது வரை ஒன்று. லாக் புக்குக்கு வேண்டியது கடைசியாகச் சொன்னது.

இரவுப் பத்தியையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். செயலிகள் ஊரின் அட்சரேகையையும் தேதியையும் வைத்துச் சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிட்டு, பறப்பைத் தாமாகப் பகல், இரவு என்று வெட்டிவிடும். சென்னையில் டிசம்பர் தொடக்கத்தில் 5.45க்கு முன்பே சூரியன் மறைகிறது; ஜூன் கடைசியில் 6.35 தாண்டுகிறது. எந்த நொடியிலிருந்து இரவு என்பதற்கு ஒவ்வொரு நாட்டு விதியும் ஒவ்வொரு வரையறை வைத்திருக்கிறது. வெளிநாட்டுச் செயலி அந்நாட்டு வரையறையைத்தான் முன்கூட்டி வைத்திருக்கும். சி.பி.எல்.லுக்கு இரவில் 5 மணி நேரமும் 10 புறப்பாடு, இறக்கங்களும் கேட்கிறார்கள். விளிம்பில் நிற்கிறவர்களுக்கு இந்தச் சில நிமிடங்கள் முக்கியம். என் மாணவர்களிடம் நான் சொல்வது: இரவுக் கணக்கில் கேட்டதைவிட ஒரு பறப்பாவது கூடுதலாகப் பறந்து வையுங்கள்.

முடிச்சூர்_முதல்_அதிகாரி

வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி. என்னோடு படித்த நண்பர் வேறொரு பள்ளிக்கு மாறி அங்கே முடித்தார். அவருடைய முதல் பள்ளி மூடப்பட்டுவிட்டது. பழைய மணி நேரத்தைத் தளத்தில் ஏற்றினால் ஒப்புதல் தர அங்கே ஆள் இல்லை. தலைமைப் பயிற்றுநரும் இப்போது இல்லை. காகித லாக் புக்கில் பழைய கையெழுத்துகள் இருக்கின்றன. அவர் என்ன செய்வது?

எழும்பூர்_வழக்கறிஞர்

ஒப்புதலுக்கு ஆளே இல்லாத மணி நேரத்தைத் தளம் எப்படி ஏற்பது என்பதற்கு ஒரு பொதுவான, எழுத்திலான வழிமுறை ஒவ்வொரு விமானிக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். பள்ளி மூடியது மாணவர் குற்றமல்ல. இதற்காக அவர் அலையக் கூடாது.

இப்போதைக்கு அவர் திரட்ட வேண்டியவை இவை. மூல லாக் புக். அதன் ஒவ்வொரு பக்கத்தின் வண்ண நகல். அந்த விமானங்கள் வேறு யாரிடமாவது விற்கப்பட்டிருந்தால், பதிவெண்ணை வைத்து இப்போதைய உரிமையாளரைக் கண்டுபிடித்து, அந்தக் காலத்து ஜர்னி லாக் புக் (விமானத்தின் பயணப் பதிவேடு) பக்கங்களைக் கேட்கலாம். விமானத்தோடு அதன் ஆவணங்களும் கை மாறியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த மணி நேரத்தைக் காட்டி முன்பே ஏதாவது உரிமமோ ஒப்புதலோ வாங்கியிருந்தால், அந்த விண்ணப்பம் துறையின் கோப்பில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் கோப்பின் நகலை அவரே கேட்டு வாங்கலாம். துறை ஒருமுறை சரிபார்த்து ஏற்ற மணி நேரத்தைப் பின்னர் ஐயுறுவது கடினம் என்பதால் எல்லாவற்றிலும் வலுவான ஆவணம் அதுதான்.

செயலியிலிருந்தோ தளத்திலிருந்தோ எடுத்த அச்சை நீதிமன்றம் வரை கொண்டுபோக நேர்ந்தால், பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பி போய் இதுதான் நடைமுறையில் இருக்கிறது. கோப்பு பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியான ஹாஷ் மதிப்பையும் அந்தச் சான்றிதழில் எழுத வேண்டும். ஆகவே கோப்பைப் பதிவிறக்கிய அன்றே ஹாஷ் எடுத்துக் குறித்து வைப்பது நல்லது.

பல்லாவரம்_பறவை

மணி, நிமிடத்துக்கு மாற்றி மறுபடியும் ஏற்றிவிட்டேன். பயிற்றுநர் சொன்னதுதான் காரணம். மொத்தம் இப்போது பள்ளிப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறது. காகித லாக் புக்கைப் பந்துமுனைப் பேனாவால் தொடர்கிறேன். தளத்தில் தலைமைப் பயிற்றுநரின் ஒப்புதலுக்கு நிற்கும் பதிவுகளின் பட்டியலை எடுத்திருக்கிறேன்; பள்ளிக்குத் திரும்பியதும் அவரோடு உட்கார்ந்து முடிக்கிறேன். கேப்டன் சார், ஒன்று கேட்க வேண்டும்: பக்கக் கூட்டலைப் பென்சிலில் போட்டுவிட்டு, பிறகு மையால் எழுதலாமா?

கேப்டன்_நங்கநல்லூர்

தனித்தாளில் கூட்டிப் பாருங்கள் அம்மா. புத்தகத்தில் பென்சிலே படக் கூடாது. முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகையை முதலில் எழுதி, இந்தப் பக்கத்தைக் கூட்டி, குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை சரிபார்த்த பிறகு மையால் எழுதுங்கள். தலைமைப் பயிற்றுநரின் கையெழுத்தை மாதக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். பக்கம் நிரம்பிய அன்றே வாங்கிவிடுங்கள்.